சேலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறவர்களுக்கு: 3 டெஸ்லா எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

டாக்டர் சீட்டில் ‘எம்.ஆர்.ஐ.’ என்று எழுதிக் கொடுத்தவுடன் நமக்கு எழும் கேள்விகள் இரண்டுதான். எங்கே எடுப்பது, எவ்வளவு ஆகும். சேலத்தில் நாலு இடத்துக்குப் போன் போட்டு விசாரித்தால் மூன்றாவது கேள்வி எதிர்முனையிலிருந்து வரும்: “1.5 டெஸ்லாவில் எடுக்கணுமா, 3 டெஸ்லாவிலா?” மெஷினின் காந்த வலிமையைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் விலையில் சில ஆயிரம் வித்தியாசம் இருக்கும். எதற்காக அந்தச் சில ஆயிரம் என்று விளக்கிச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

என் தம்பிக்கு வலிப்பு நோய். ஏற்காட்டிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு ஸ்கேனுக்காகத் திரும்பத் திரும்ப மலை இறங்கி ஏறியதில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒருமுறை சேலம் போய்வருவது என்றாலே ஒருநாள் கூலி போய்விடும். துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். ஒரே ஸ்கேனை இரண்டாவது முறை எடுக்கிற நிலை யாருக்கும் வரக்கூடாது. நான் மருத்துவத் துறையில் இல்லை. எந்த ஸ்கேன் என்று முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும், மையத்தில் எதைச் சொல்ல வேண்டும், பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டால், வாய் கோணினால், பேச்சு குழறினால், முதுகு வலியோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், உட்காருமிடத்தைச் சுற்றி மரத்துப்போனால் விலை விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்துக்குப் பெரும்பாலும் முதலில் எடுப்பதே சி.டி. ஸ்கேன்தான். அந்த நேரத்தில் எந்த மெஷின் பக்கத்தில் இருக்கிறதோ அதுவே நல்ல மெஷின்.

1. சீட்டில் டாக்டரின் சந்தேகத்தையும் எழுதி வாங்குங்கள்

‘எம்.ஆர்.ஐ. பிரெயின்’ என்று மட்டும் எழுதிய சீட்டு போதாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஸ்கேன் மையத்தில் ஒரு மூளையைப் படம் எடுக்கப் பல முறைகள் வைத்திருக்கிறார்கள். சீட்டில் எதுவும் எழுதவில்லை என்றால் டெக்னீஷியன் வழக்கமான முறையில்தான் எடுப்பார். அதில் மூளையை ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாகப் படம் எடுப்பார்கள். ரத்தக்கசிவு, பெரிய கட்டி, பக்கவாதம் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். சில மில்லிமீட்டர் அளவுள்ள தழும்பு இரண்டு துண்டுகளுக்கு நடுவே மறைந்துபோகலாம்.

தம்பிக்கு முதலில் எடுத்த ஸ்கேன் அப்படி ஒரு வழக்கமான ஸ்கேன். ரிப்போர்ட் ‘நார்மல்’. மாத்திரை மாற்றியும் வலிப்பு நிற்கவில்லை. நரம்பியல் டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “3 டெஸ்லாவில், எபிலெப்சி புரோட்டோகால்படி எடுத்துட்டு வாங்கம்மா” என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். வலிப்பு நோய்க்கென்றே உள்ள அந்த முறையில் மூளை முழுவதையும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் துண்டுகளாக எடுக்கிறார்கள். நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குக் குறுக்காக வெட்டு விழும்படி கோணத்தைச் சாய்த்து வைத்துத் தனியாகவும் எடுக்கிறார்கள். இந்தப் படத்தில் ஒரு பக்கத்து ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருந்தது தெரிந்தது. இதே முறைப்படி நல்ல 1.5 டெஸ்லாவில் எடுத்திருந்தாலும் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு என்று டாக்டரே சொன்னார். மெஷினின் பலம் எவ்வளவு முக்கியமோ, அதில் எப்படி எடுக்கிறார்கள் என்பதும் அவ்வளவு முக்கியம்.

ஆகவே டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பு சீட்டில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: உடம்பில் எந்தப் பகுதி, இடதா வலதா, என்ன சந்தேகம், கான்ட்ராஸ்ட் ஊசி (சில பகுதிகள் படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காகப் போடும் மருந்து) வேண்டுமா, தனி முறை ஏதாவது உண்டா, 3 டெஸ்லாதான் வேண்டுமா அல்லது 1.5 போதுமா. கடைசிக் கேள்வியை வாய்விட்டே கேளுங்கள். “1.5 போதுமாங்க டாக்டர்?” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பல நேரம் “தாராளமா போதும்” என்றுதான் பதில் வரும்.

2. டெஸ்லா கூடினால் நமக்கு என்ன கிடைக்கும்

டெஸ்லா என்பது காந்தத்தின் வலிமையை அளக்கும் அலகு. 1.5 டெஸ்லா என்றாலே அது பூமியின் காந்தப்புலத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல். 3 டெஸ்லா அதில் இரண்டு பங்கு. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை. உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தப்புலம் ஒழுங்குபடுத்துகிறது. ரேடியோ அலை அவற்றைக் கலைக்கிறது. அவை மறுபடி பழைய நிலைக்குத் திரும்பும்போது வெளிவிடும் மெல்லிய சிக்னலைப் பிடித்துக் கணினி படமாக்குகிறது.

அந்தச் சிக்னல் மிக மிக மெல்லியது. பழைய பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்று போன் பேசுவது போலத்தான்: எதிரில் இருப்பவர் குரலை உயர்த்தினால்தான் வார்த்தை புரியும். காந்த வலிமை இரண்டு மடங்கானால் இரைச்சலோடு ஒப்பிடும்போது சிக்னலும், கணக்குப்படி, ஏறத்தாழ இரண்டு மடங்காகும். நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும் என்றாலும், கிடைப்பதே பெரிய லாபம். அந்தக் கூடுதல் சிக்னலை இரண்டு விதமாகச் செலவழிக்கலாம். அதே நேரத்தில் இன்னும் மெல்லிய துண்டுகளாக, நுணுக்கமாக எடுக்கலாம். அல்லது அதே தெளிவுள்ள படத்தைக் குறைந்த நேரத்தில் எடுக்கலாம். 1.5 டெஸ்லாவில் தெளிவை இரட்டிப்பாக்க ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சேர்க்க வேண்டும். இரண்டு மடங்கு தெளிவுக்கு நான்கு மடங்கு நேரம் ஆகும். வலியோடு படுத்திருக்கும் மனிதரால் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்க முடியாது. அசைந்தால் படம் கலங்கிவிடும். 3 டெஸ்லாவின் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் டெஸ்லா எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உடம்பின் மேல் வைத்துச் சிக்னல் பிடிக்கும் ‘காயில்’ எவ்வளவு நல்லது, மென்பொருள் எவ்வளவு புதியது, படத்தைப் படிக்கிற ரேடியாலஜிஸ்ட் யார் என்பவையும் சேர்ந்துதான் ரிப்போர்ட். புதிய 1.5 டெஸ்லா மெஷின் ஒன்று பழைய 3 டெஸ்லாவைவிட நல்ல படம் தருவது உண்டு. 7 டெஸ்லா மெஷினுக்கு அமெரிக்காவில் 2017-லேயே நோயாளிகளுக்குப் பயன்படுத்த அனுமதி கிடைத்துவிட்டது. நம் தேவைக்கு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

3. கூடுதல் காசு கொடுத்து 3 டெஸ்லா எடுக்கத் தகுந்த இடங்கள்

மருந்துக்கு அடங்காத வலிப்பு முதலிடம். அடுத்து மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் உள்ள சிறு கட்டிகள். இவை சில மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் பற்றிய சந்தேகம். முகத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலிக்கும் நரம்பு வலிக்கு, நரம்பை எந்த ரத்தக்குழாய் அழுத்துகிறது என்று பார்ப்பது. மூளைக்குள் பொடிப்பொடியான பழைய ரத்தக்கசிவுகளைத் தேடுவது. மூளைக் கட்டி அறுவை சிகிச்சைக்கு முன்பு, பேச்சுக்கும் கை கால் அசைவுக்கும் உரிய பகுதிகள் எங்கே ஓடுகின்றன என்று வரைந்து பார்ப்பது.

மூளை ரத்தக்குழாய்களை ஊசியே போடாமல் பார்க்கிற ஆஞ்சியோகிராம் 3 டெஸ்லாவில் நன்றாக வரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது பெரிய உதவி.

மூட்டுகளில், முழங்கால் சவ்வு கிழிசலுக்கு 1.5 பெரும்பாலும் போதும். மணிக்கட்டு, விரல், கணுக்கால் ஆகியவற்றின் சிறு தசைநார்கள், குருத்தெலும்பின் தேய்மானம் என்றால் 3 டெஸ்லாவில் வித்தியாசம் தெரியும். எங்கள் பக்கம் மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறி, கையை ஊன்றி விழுந்தவர்கள் பலர் உண்டு. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, ஆனால் மாதக்கணக்கில் மணிக்கட்டு வலி போகவில்லை என்றால் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் சந்தேகம் இருந்தால் 3 டெஸ்லா உடலுக்கும் மனதுக்கும் சிரமம் குறைந்த வழி. 1.5-ல் தெளிவுக்காகச் சில இடங்களில் ஆசனவாய் வழியே ஒரு காயிலை உள்ளே வைப்பார்கள். 3 டெஸ்லாவில் பெரும்பாலும் அது தேவைப்படாது. சிக்கலான பவுத்திரத்துக்கும் 3 டெஸ்லா உதவும். வெட்கப்பட்டுக்கொண்டு இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

4. 3 டெஸ்லா வேண்டாத இடங்கள்

சாதாரண முதுகு வலி, டிஸ்க் விலகல், கழுத்து எலும்புத் தேய்மானம், தலைவலிக்கு ஒரு பொதுவான மூளை ஸ்கேன் ஆகியவற்றுக்கு 1.5 போதும். இதற்காக மேலும் 3,000 ரூபாய் கடன் வாங்க வேண்டாம்.

உடம்பில் பிளேட், ஸ்குரூ, செயற்கை மூட்டு வைத்திருந்தால் 1.5 தான் பல நேரம் மேல். உலோகத்தைச் சுற்றிப் படம் கருத்துச் சிதையும். காந்தம் வலுவாக வலுவாக அந்தச் சிதைவும் பெரிதாகும். முதுகெலும்பில் ஸ்குரூ போட்ட இடத்தையே பார்க்க வேண்டும் என்றால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வயிற்றில் நீர் கோத்தவர்கள், கர்ப்பிணிகள், பருமனானவர்கள் வயிற்றுப் பகுதியை 3 டெஸ்லாவில் எடுத்தால் படத்தின் நடுவே நிழல் விழுவது உண்டு. அதிக வலிமையில் ரேடியோ அலையின் நீளம் குறைந்துவிடுவதால், அலை உடம்பு முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. வயிற்று ஸ்கேனுக்கு 1.5-ஐ டாக்டர் சொன்னால் “பழைய மெஷினுக்கு அனுப்புகிறார்” என்று நினைக்காதீர்கள்.

5. உடம்பிலும் மடியிலும் இருக்கும் உலோகம்

மெஷின் படம் எடுக்காமல் சும்மா இருக்கும்போதும் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கும். ஹீலியத் திரவத்தில், ஏறத்தாழ மைனஸ் 269 டிகிரி குளிரில் இருக்கும் மின்கம்பிச் சுருள் அது. ஸ்விட்ச் தட்டி அணைக்கக்கூடியது இல்லை. ஆக்சிஜன் சிலிண்டர், சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர் எல்லாம் பறந்துபோய் ஒட்டியிருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. கூட வருபவருக்கும் அதே விதிதான்.

முதலில் உடம்புக்குள் இருப்பவை. பேஸ்மேக்கர், காது கேட்க வைத்த காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், வலிக்கான நரம்புக் கருவி இவற்றில் எது இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லுங்கள், மேஜைமேல் படுத்த பிறகு சொல்லாதீர்கள். பழைய பேஸ்மேக்கர்கள் பலவற்றோடு எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. புதியவற்றில் சில நிபந்தனையோடு அனுமதிக்கப்பட்டவை, 1.5 டெஸ்லாவுக்கு மட்டும் அனுமதி, 3-க்கு இல்லை என்பதும் உண்டு. ஸ்கேனுக்கு முன்பு கருவியை அதற்குரிய நிலைக்கு மாற்றவும், முடிந்ததும் பழையபடி வைக்கவும் ஆள் வர வேண்டும். அறுவை சிகிச்சையின்போது கொடுத்த இம்ப்ளான்ட் அட்டையில் மாடல் எண் இருக்கும். அட்டை தொலைந்திருந்தால் அந்த மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் வாங்குங்கள்.

இதய ஸ்டென்ட், காப்பர்-டி, டைட்டானியம் பிளேட் ஆகியவை பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

லேத், வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்ப்பவர்கள் சேலத்தில் நிறைய இருக்கிறார்கள். கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் தெறித்திருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி, முதலில் கண் பகுதிக்கு ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே துகள் தங்கியிருந்து காந்தத்தில் நகர்ந்தால் பார்வையே போகலாம்.

இனி மேலே போட்டிருப்பவை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு ஊர் இது, காலில் வெள்ளி இல்லாத பெண்கள் குறைவு. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ரேடியோ அலையில் சூடேறித் தோலைச் சுடக்கூடும். ஆகவே கொலுசு, மெட்டி, அரைஞாண் கொடி, தாயத்து, மூக்குத்தி எல்லாம் கழற்றியாக வேண்டும். பல வருடம் கழற்றாத மெட்டியும் மூக்குத்தியும் அங்கே போய் வராது. வீட்டிலேயே சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றி, நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள், அது போதும். குழந்தைகள் இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருக்கும், ஸ்வெட்டருக்குள் கண்ணில் படாது, தடவிப் பாருங்கள்.

ஜரிகைப் புடவை, ஊக்கு, கொண்டை ஊசி, மெட்டல் கொக்கி வைத்த உள்ளாடை வேண்டாம். சில விளையாட்டுத் துணிகளில் வியர்வை நாற்றத்துக்காக வெள்ளி இழை கலந்திருக்கும், அதுவும் வேண்டாம். கண் மை, மஸ்காராவைத் துடைத்துவிடுங்கள். கழற்றி மாட்டும் பல் செட், காது மெஷின், உடம்பில் ஒட்டிய சர்க்கரை சென்சார் ஆகியவற்றையும் எடுத்துவிட வேண்டும். செல்போனும் ஏ.டி.எம். அட்டையும் வெளியில் இருப்பவரிடம்.

6. செலவு

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், நாம் ஜி.ஹெச். என்று சொல்லும் இடத்தில், எம்.ஆர்.ஐ. இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிறது. அங்கே ஓர் எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்ற அளவில்தான் கட்டணம் வைத்திருந்தார்கள், கான்ட்ராஸ்ட் தனி. போகிற அன்று பலகையில் இருக்கும் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளி டாக்டர் சீட்டோடு நேராக ஸ்கேன் அறைக்குப் போவதைவிட, ஓ.பி. சீட்டு போட்டு அங்குள்ள டாக்டரிடம் காட்டி அவர் கையெழுத்தோடு போவது அலைச்சலைக் குறைக்கும்.

தனியார் மையங்கள் ஐந்து ரோடு, சுவர்ணபுரி, ஃபேர்லேண்ட்ஸ், சாரதா கல்லூரிச் சாலை, ஓமலூர் ரோடு பக்கம்தான் அதிகம். நான் விசாரித்தபோது ஒரு பகுதிக்கு 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ரூபாய் வரையும், 3 டெஸ்லாவில் 7,000 முதல் 12,000 வரையும் சொன்னார்கள். கான்ட்ராஸ்ட் ஊசிக்கு மேலும் 2,000 முதல் 4,000. குழந்தைக்கு மயக்க மருந்து தேவை என்றால் டாக்டர் கட்டணம் தனி. எல்லா மையத்திலும் அந்த வசதி இருக்காது, முதலிலேயே கேளுங்கள்.

போனில் இப்படிக் கேளுங்கள்: “மெஷின் எத்தனை டெஸ்லா? மொத்தம் எவ்வளவு, ஃபிலிம், சி.டி. டிஸ்க், ரிப்போர்ட் சேர்த்துச் சொல்லுங்க. கான்ட்ராஸ்ட் இல்லாம எவ்வளவு, இருந்தா எவ்வளவு?” 3 டெஸ்லா என்று சொல்லிக் காசு வாங்கும் இடத்தில் இரண்டு மெஷினும் இருந்தால், எதில் எடுக்கப் போகிறார்கள் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். ஸ்கேன் பரிசோதனைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

‘முழு முதுகெலும்பு ஸ்கிரீனிங் இலவசம்’ என்பதை முழு ஸ்கேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கிரீனிங் என்பது பெரும்பாலும் பக்கவாட்டில் விரைவாக எடுக்கும் ஒரே ஒரு வரிசைப் படம். இடுப்புக்கு எடுத்தது இடுப்புக்கு மட்டுமே முழு ஸ்கேன். கழுத்திலும் தொல்லை இருந்தால் அதற்குத் தனியாக எடுக்க வேண்டிவரும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் திட்டம் இது. ஆனால் எல்லா ஸ்கேனும் தானாகவே இலவசம் ஆகாது. பட்டியலில் உள்ள பரிசோதனையா என்று பார்த்து, முன் அனுமதி வாங்கிய பிறகே எடுக்க வேண்டும். பணம் கட்டி எடுத்துவிட்டு அப்புறம் அட்டையை நீட்டினால் திரும்பக் கிடைப்பது கடினம். மருத்துவமனையில் காப்பீட்டுக்கென்று தனி கவுண்டர் இருக்கும். இலவச உதவி எண் 1800 425 3993. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியலாம். வருமானச் சான்றுக்கு ஏற்காட்டிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால் ஓர் இறக்கம் மிச்சம்.

தனியார் காப்பீட்டில் ஸ்கேன் மட்டும் எடுத்தால் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள். பின்னால் அதே நோய்க்காக மருத்துவமனையில் சேர நேர்ந்தால், சேர்வதற்கு முந்தைய சில வாரச் செலவைப் பல பாலிசிகள் ஏற்கும். ஆகவே சீட்டு, பில், ரிப்போர்ட் மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

7. பையில் இருக்க வேண்டியவை

டாக்டர் சீட்டு. பழைய ஸ்கேன் எதுவானாலும், ரிப்போர்ட்டோடு ஃபிலிமும் சி.டி. டிஸ்க்கும். புதிய படத்தைப் பழையதோடு ஒப்பிட்டால்தான் நோய் வளர்ந்ததா குறைந்ததா என்று ரேடியாலஜிஸ்டால் எழுத முடியும். அறுவை சிகிச்சை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. ஆதார் நகல், காப்பீட்டு அட்டை. சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு.

கான்ட்ராஸ்ட் ஊசி என்றால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையின் சமீபத்திய ரிப்போர்ட் கட்டாயம். இந்த ஊசியில் இருப்பது கடோலினியம் என்ற உலோகத்தின் சேர்மம். சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு அரிதாகத் தோலையும் உள்ளுறுப்பையும் இறுக்கிவிடும் நோய் வரலாம் என்பதால்தான் கேட்கிறார்கள். இந்த ரத்தப் பரிசோதனையை முன்தினமே செய்து வாருங்கள். ரிப்போர்ட் இல்லாமல் போய், ரத்தம் கொடுத்துக் காத்திருந்து, டோக்கன் தவறி, அடுத்த நாள் வரச் சொல்லித் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், சொல்லிவிடுங்கள். இந்த ஊசியைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். பால் கொடுக்கும் தாய்மார்கள் ஊசிக்குப் பிறகும் பால் கொடுக்கலாம் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்.

8. நேரம், சாப்பாடு, மலைப்பாதை

ஊசி இல்லாத மூளை, முதுகு, மூட்டு ஸ்கேனுக்கு வெறும் வயிறு தேவையில்லை. பித்தப்பை, கணையம், வயிறு என்றால் 4 முதல் 6 மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். கான்ட்ராஸ்டுக்குப் பல மையங்களில் 4 மணி நேரம் கேட்பார்கள். குழந்தைக்கு மயக்கம் கொடுக்கிறார்கள் என்றால் டாக்டர் சொல்லும் நேரத்தைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். அழுகிறது என்று ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் அன்று ஸ்கேன் கிடையாது.

வெறும் வயிற்றோடு வருபவர்களும் வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிக்கொள்ளலாமா என்று முன்தினமே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். சர்க்கரை நோயாளிகள் காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். சாப்பிடாமல் இன்சுலின் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் இறங்கியதும் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து ஓய்வெடுக்கும்படி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். தலை சுற்றலோடு உள்ளே போய்ப் படுத்தால் அசையாமல் இருக்க முடியாது. 3 டெஸ்லாவில் உள்ளே நகரும்போது சிலருக்குக் கொஞ்சம் கிறுகிறுப்பும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடைபடுவது உண்டு. அப்போது குப்பனூர் வழியை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மயக்க மருந்து கொடுத்தவரை அன்றே பைக்கில் வைத்து மலையேற்ற வேண்டாம்.

ஊசி இல்லாத ஸ்கேன் 20 முதல் 40 நிமிடம். ஊசியோடு ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ரிப்போர்ட் மாலையிலோ மறுநாளோ கிடைக்கும். மறுநாள்தான் என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்களா, சி.டி.யைக் கூரியரில் அனுப்புவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

9. உள்ளே படுத்த பிறகு

எடையைச் சரியாகச் சொல்லுங்கள். ரேடியோ அலையால் உடம்பு எவ்வளவு சூடேறும் என்று மெஷின் எடையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. 3 டெஸ்லாவில் இந்தச் சூடு கணக்குப்படி 1.5-ஐப் போல நான்கு மடங்கு. அதனால்தான் மெஷினே ஓர் எல்லை வைத்துக்கொண்டு இயங்கும். லேசான வெதுவெதுப்பு இயல்பு. ஓரிடத்தில் மட்டும் சுரீரென்று சுட்டால் கையில் கொடுத்திருக்கும் ரப்பர் பந்தை உடனே அழுத்துங்கள். இரண்டு கைகளையும் கோத்துக்கொள்ளாதீர்கள், தொடைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் நடுவே துணி வைக்கச் சொல்லுங்கள். தோலோடு தோல் தொட்டு வளையம் போலானால் அந்த இடத்தில் சுடலாம்.

சத்தம் அதிகம். 3 டெஸ்லாவில் இன்னும் அதிகம். காதுக்குப் பஞ்சும் ஹெட்போனும் கொடுப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அடைசலான இடம் பயம் என்றால் 70 சென்டிமீட்டர் அகலமுள்ள மெஷின் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பழையவை 60 தான். உள்ளே போவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு, வெளியே வரும்வரை திறக்காமல் இருப்பது தம்பிக்கு உதவியது. எழுத்துக் கூட்டத் தெரியாத பெரியவர்களிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டினால் நீங்கள் வாசித்துக் காட்டிவிட்டுப் பிறகு ரேகை வைக்கச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் உண்டா, பழைய ஆபரேஷன் உண்டா என்ற கேள்விகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

10. வெளியே வரும்போது கையில் சி.டி. இருக்கட்டும்

ஃபிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்த சில படங்கள்தான். எடுத்த நூற்றுக்கணக்கான படங்களும் சி.டி.யில் இருக்கும். கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ வேறு டாக்டரிடம் போனால் அவர் கேட்பது அதைத்தான். வீட்டுக் கணினியில் சி.டி. ஓட்டும் வசதி இல்லையென்றால் பென்டிரைவில் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் பெயர், வயது, இடது வலது சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். முழு ரிப்போர்ட்டின் தொடக்கத்தில் எந்த முறையில் எடுத்தது, எத்தனை டெஸ்லா என்று ஒரு வரி இருப்பது வழக்கம். இல்லையென்றால் சி.டி.யை மைக்ரோடைகாம் போன்ற இலவச மென்பொருளில் திறந்து, படத்தோடு பதிவாகியிருக்கும் விவரப் பட்டியலைப் பாருங்கள். காந்தப்புல வலிமை என்ற வரியில் 1.5 அல்லது 3 என்று இருக்கும். துண்டின் தடிமனும் அதே பட்டியலில் மில்லிமீட்டரில் இருக்கும். தம்பியின் இரண்டு ஸ்கேன்களுக்கும் இருந்த வித்தியாசம் எனக்குத் தெளிவாக விளங்கியது அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான்.

ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி எடுக்கச் சொல்லியிருந்தால், முடிந்தவரை அதே டெஸ்லாவில், அதே முறையில், இயன்றால் அதே மையத்தில் எடுங்கள். 1.5-ல் தெரியாத புள்ளி 3-ல் தெரிந்தால் அது புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்வது கடினம். முதல் சி.டி.யின் உறை மேலேயே தேதி, டெஸ்லா, கான்ட்ராஸ்ட் உண்டா இல்லையா என்று பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குப் போன் போடும்போது அந்த மூன்றையும் வாசித்துக் காட்டினால் போதும்.